அம்பயர் என் மாமா

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. தேனியில் ஏதோ மண்டபம். மேடையில் ஒல்லியான ஒரு கிழவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். படத்துக்குக் கீழே நீங்கள் எல்லாரும் போட்டி போட்டு எழுதியிருந்தீர்கள். "எங்க மாமா." "நம்ம அம்பயர் மாமா நூறு வருசம் இருக்கணும்." ஒருத்தி, நாலாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "என் சொந்தத் தாய்மாமன் மாதிரி" என்று எழுதி இதயப் பொம்மை வேறு போட்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என்னென்னவோ எழுதினேன், அழித்தேன். கடைசியில் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவர் உங்கள் யாருக்கும் மாமா இல்லை. எனக்குத்தான் மாமா. என் அம்மாவோடு கூடப்பிறந்த அண்ணன். எனக்குக் காது குத்தியபோது மடியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டவர். வலியில் நான் கடித்த தழும்பு அவர் முன்கையில் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு தழும்பு போட உங்களில் யாருக்கு உரிமை இருந்தது? பேரன் பேத்தி எடுத்த பிறகு இதெல்லாம் ஒரு பேச்சா என்று கேட்பீர்கள். பேச்சுதான். நீங்கள் வரிசையாக எழுதினீர்கள், நான் மொத்தமாக எழுதுகிறேன்.

மாமாவை நீங்கள் முதலில் பார்த்தது பஸ்ஸில்தான் இருக்கும். தேனிக்கும் குமுளிக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வழியில் எந்த நிறுத்தத்தில் யார் இறங்கினாலும் "போயிட்டு வாங்க" என்பார். சந்தைக்குப் போகும் கிழவிக்கும் அதுதான், பெரிய பண்ணையாருக்கும் அதுதான். இறங்குகிற ஆளிடம் 'போ' என்ற சொல்லோடு பேச்சை முடிக்க அவருக்கு வராது. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'போறேன்' என்றால் நம் வீடுகளில் அடிக்க வருவார்களே, அதை அவர் பஸ்ஸுக்கும் கொண்டுபோனார்.

மாமாவின் மனைவி முதல் பிரசவத்திலேயே இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. மறுபடி கட்டச் சொல்லி அம்மா அழுது பார்த்தாள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளை கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஆடத் தெரியாது. பந்து பிடித்தால் நழுவும், மட்டை பிடித்தால் காற்றுதான் வரும். அதனால் அம்பயராக நிற்கவைத்தார்கள்.

அந்தக் காலத்தில் அம்பயர் என்றால் என்ன என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மட்டை பிடிக்கிற அணியிலிருந்தே ஒருத்தன் நிற்பான். தன் ஆளை அவுட் இல்லை என்று சாதிப்பதுதான் அவன் உத்தியோகம். எதிரணி கத்தும், இவன் வானத்தைப் பார்ப்பான். மாமா முதன்முதலில் நின்றது குச்சனூர் ஆடித் திருவிழா ஆட்டத்தில். ஆடிக் காற்றில் ஸ்டம்புக்கு மேலே குச்சி நிற்காது, அதனால் பந்து ஸ்டம்பை உரசியதா இல்லையா என்பது அம்பயரின் வாயில்தான் இருந்தது. மட்டை பிடித்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. அப்போதுதான் அம்மாவைக் கட்டியிருந்தார். மாமாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒருவரையொருவர் 'மாப்ள, வாடா போடா' என்றுதான் பேசிக்கொள்வார்கள். பந்து உரசியது யாருக்கும் தெரியவில்லை. எதிரணி கேட்கக்கூட இல்லை. மாமா நேரே நடந்து போய் அப்பாவின் தோளில் கை வைத்து, "ஒரசிருச்சுடா மாப்ள. போயிட்டு வா" என்றாராம்.

தங்கச்சி புருசனையே அனுப்பிவிட்டார் என்று அந்தச் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போனது. அடுத்த ஞாயிறு எதிரணியே வந்து அவரைக் கூப்பிட்டது. அப்புறம் கோம்பை, மயிலாடும்பாறை, எங்கே ஆட்டம் என்றாலும் மாமாதான். அப்பாவும் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் சொல்வார். அவர் சிரித்ததை நாங்கள் நம்பினோம்.

கம்பத்துத் தையற்காரர் ஒருவரிடம் மாமா வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டார். டாக்டர் கோட்டு மாதிரியேதான் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் சின்னப் பிள்ளைகள் ஊசி என்று அலறி ஓடும். ஆட்டம் தொடங்க 'ரைட்' என்பார், தண்ணீர் குடிக்க நிறுத்த 'ஹோல்டான்' என்பார், எல்லாம் பஸ்தான். ஆனால் அவுட் கொடுக்கும்போது விரலைத் தூக்கவே மாட்டார். பக்கத்தில் போய்த் தோளில் கை வைப்பார். "நல்லா ஆடுனீக மருமகனே. போயிட்டு வாங்க" என்பார். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சனம் என்று பார்க்கமாட்டார். எல்லாரும் மருமகன். பதிலுக்கு அவர்கள் எல்லாரும் மாமா என்றார்கள். சிலருடைய பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை, யாரை யார் முறை வைத்துக் கூப்பிடுவது என்று முகம் சுளித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருதரம் மதுரைக்குப் போய் அம்பயர் பரீட்சை எழுதினார். கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டாராம். கடைசியில் அங்கிருந்த அதிகாரி, ஆட்டக்காரரைத் தொடக்கூடாது, பேசக்கூடாது, விரலை மட்டும் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மாமா திரும்பி வந்துவிட்டார். "ஆளை அனுப்பும்போது ஒரு வார்த்த சொல்லாம எப்படித்தா அனுப்புறது?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே பழைய சோற்றைப் பிசைந்தது எனக்குத் தெரியும். பெரிய மைதானம் அத்தோடு போயிற்று. பள்ளத்தாக்கு அவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

என் பொறாமை இந்த இடத்தில்தான் முளைத்தது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்குத் திராட்சை மிட்டாய் கொண்டுவருவார். அதே மிட்டாயை கோம்பைப் பையன் ஒருத்தன் வாயில் போட்டு உருட்டுவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். "மாமா குடுத்தாரு" என்றான். எந்த மாமா என்றேன். என் மாமாவின் பேரை என்னிடமே சொன்னான். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, வாய்த்துடுக்குக்காரி. "ஒன் மாமனுக்கு ஊரெல்லாம் மருமக்கமாரு. நீ எத்தனையாவதுடி?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். நான் அழுதுகொண்டே தொழுவத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அந்தக் கோடையில் நான் பெரியமனுசி ஆனேன். எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. வயல்களில் அறுவடை ஆகி, கண்மாய் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தக் கண்மாய்க்குள்தான் வருசா வருசம் கோடைப் போட்டி நடக்கும். வைகாசிக் காற்று கிளம்புவதற்குள் முடித்துவிடுவார்கள். கோப்பை கொடுப்பது அப்பா. அவருக்கு உரக்கடையும் திராட்சைத் தோட்டமும் இருந்தன. ஒவ்வொரு வருசமும் வெள்ளை வேட்டியில் போய்க் கோப்பையைக் கொடுப்பார். கூட்டம் கை தட்டும். அப்புறம் மாமாவின் பேரை மைக்கில் சொல்வார்கள். அதற்குத் தட்டுகிற தட்டில் கண்மாய்க் கரைப் புளியமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிப் பறக்கும்.

மாமா செய்தி கேட்டதும் பஸ்ஸை இன்னொருவரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். தென்னங்கீற்று வெட்டி, கொல்லையில் எனக்குத் தாய்மாமன் குச்சுக் குடிசை கட்டினார். பச்சை ஓலை வாசம் தலையைச் சுற்றியது. கண்மாய்ப் பக்கம் ஒரு கீற்றை மடக்கிச் சின்னதாகத் திறப்பு விட்டார். "காத்து வரட்டும் தாயி" என்றார். அதற்குள்ளே ஒரு பழைய பாயும் தட்டும் சொம்பும் எனக்குத் துணை. உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தின்று தின்று நாக்கு வழுவழுத்துக் கிடந்தது. ஆனால் அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன். என் மாமா குச்சு கட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான். கோம்பைப் பையன் எவனுக்கும் அவர் குச்சு கட்ட முடியாது.

சடங்குக்கு நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் தொடங்கும் நாலரைக்குள். அன்றைக்குத்தான் கோடைப் போட்டியின் கடைசி ஆட்டம். அம்மா முகம் வாடியது. மாமா சிரித்தார். "காலையில ஆரம்பிச்சா மத்தியானச் சோத்துக்கு முடிஞ்சிரும். சீரோட மூணு மணிக்கெல்லாம் இங்கன நிப்பேன்" என்றார். தாய்மாமன் சீர் வராமல் நம் பக்கத்தில் சடங்கு இல்லை. அவர் எடுத்த சேலையைக் கட்டி, அவர் கையால் மாலை விழுந்த பிறகுதான் மற்றவர்கள் நெருங்கலாம். அது இல்லாமல் போனால் பிறந்த வீடு செத்துப்போயிற்றா என்று அம்மாவைத்தான் கேட்பார்கள்.

ஞாயிறு காலையிலிருந்து நான் குச்சில் உட்கார்ந்து திறப்பு வழியாக மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் கோம்பை அணி. இன்னொரு பக்கம் குமுளி மலையில் ஒரு ஏலத்தோட்டத்து அணி. அவர்களுக்கு அந்த வருசம் புதிதாக ஒரு ஆள் கிடைத்திருந்தார், தோட்டத்துச் சின்ன துரை, அதாவது உதவி மேனேஜர், வடக்கே எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர். தோட்டத்துப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லாகப் படித்ததால் ஒவ்வொரு சொல்லாகவே புரிந்துகொள்வார். கோம்பை முதலில் ஆடி முடித்தது. மலை அணி ஆட வந்தது. சின்ன துரை வெளுத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆகியிருந்தது. கொல்லையில் சமையல்காரர்கள் சாம்பாருக்குத் தாளித்த வாசம் குச்சுக்குள் வந்தது.

"சின்ன துரை அவர்கள் அவுட்" என்று மைக் சொன்னது. கூட்டம் அலறியது. நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன், இனி மீதிப் பேர் சீக்கிரம் விழுந்துவிடுவார்கள், மாமா வந்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மைக்குக்காரர் குரலே குழம்பிப்போய், "சின்ன துரை அவர்கள் மறுபடியும் மட்டையோடு உள்ளே வருகிறார். ஏன் வருகிறார் என்று தெரியவில்லை" என்றார்.

நடந்ததை அப்புறம் ஊரே நடித்துக் காட்டியது. மாமா வழக்கம்போலத் தோளில் கை வைத்து, "நல்லா ஆடுனீக மருமகனே. போயிட்டு வாங்க" என்றிருக்கிறார். சின்ன துரை தலையாட்டிவிட்டுப் போனார். புளியமரத்தடியில் சர்பத் குடித்தார். முகம் கழுவினார். அந்த ஓவர் முடிந்ததும் திரும்பி வந்துவிட்டார். எங்கே வருகிறீர்கள் என்று கோம்பைக்காரர்கள் மறித்ததற்கு, "அம்பயர் போயிட்டு வாங்க சொன்னார். நான் போனேன். வந்தேன்" என்றாராம்.

கண்மாயே விழுந்து விழுந்து சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. கோம்பை கேப்டன் வந்து, "மாமா, அவுட்டு அவுட்டுதான?" என்று கேட்டான்.

"அவுட்டுதான் மருமகனே. ஆனா நான் வாங்கன்னு கூப்புட்டுட்டேன். அவரு வந்துட்டாரு. கூப்புட்டு வந்த ஆளைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீங்க பெரிய மனசு பண்ணுங்க."

இந்தப் பேச்சு முழுக்க மைக்கில் வரவில்லை. வந்ததெல்லாம் இரைச்சல்தான். கோம்பைக்காரர்கள் ஒத்துக்கொள்ள வெகு நேரம் ஆனது. கூட்டம் உள்ளே புகுந்தது, பெரியவர்கள் வந்து கூட்டத்தை விலக்கிக் கயிறு கட்டினார்கள். கடைசியில் மாமா சொன்னால் சரி என்று கேப்டன் பந்தை எடுத்துக்கொடுத்தான். சின்ன துரை நங்கூரம் போட்ட மாதிரி நின்றார். நான் திறப்பில் முகத்தை வைத்து அவரைச் சபித்தேன். யாரென்றே தெரியாத வடநாட்டு ஆளை என் மாமா வாங்க வாங்க என்று கூப்பிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். எனக்கு மாலை போட வர அவருக்கு வழியில்லை.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா ஆள்மேல் ஆளாக அனுப்பினாள். போனவன் எல்லாம் திரும்பி வராமல் ஆட்டம் பார்க்க நின்றுவிட்டான். மூன்றரை ஆனது, நாலு ஆனது. சொந்தத்தில் ஒன்றுவிட்ட மாமா ஒருத்தர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். "நீங்க போடுங்க மாலைய" என்றார். எங்கிருந்தோ ஒரு சிவப்புச் சேலை வந்தது. அதைக் கட்டி என்னை மணையில் உட்காரவைத்தார்கள். மாலை கழுத்தில் விழுந்தபோது அவர் வெற்றிலை எச்சில் என் தோளில் தெறித்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

அதே நேரம் கண்மாயில் மாமா சின்ன துரைக்கு மறுபடியும் அவுட் கொடுத்தார். இந்தத் தடவை வாயைத் திறக்க அவருக்குப் பயம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் விரலை உயர்த்தினாராம். கோம்பை ஜெயித்தது.

ராகுகாலம் பிறந்த பிறகு தெருமுனையில் மேளம் கேட்டது. நான் எழுந்து ஓடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா வெள்ளைக் கோட்டோடு முன்னால் வந்தார், கையில் ரோஜா மாலை. பின்னால் இரண்டு அணிகளும் வரிசையாகச் சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு வந்தன. சின்ன துரை வியர்வை வழிய ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்திருந்தார். ஒரு தட்டில் மயில்கழுத்து நிறத்தில் சேலை மடித்து வைத்திருந்தது. அத்தனை அழகான சேலையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தெருவே வாசலுக்கு வந்து, "அம்பயரு வந்துட்டாக" என்றது. என் சடங்கு வீட்டில் என்னைப் பார்க்க வந்த சனம் முழுக்க என்னை விட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போனது. மாமா வந்துவிட்டார் என்ற சந்தோசத்துக்குள்ளேயே எனக்கு அதுவும் எரிந்தது.

மாமா முதல் படியில் கால் வைத்தார். அப்பா மேல் படியில் வந்து நின்றார்.

"முடிஞ்சுபோச்சு" என்றார் அப்பா. "ஒங்களுக்கு ஊரெல்லாம் மருமக்க இருக்காக. அவுக வீட்டுக்குப் போங்க. இனி இந்த வாசப்படி ஏறாதீக."

அப்பா மாமாவை 'நீங்க' என்று சொன்னதை அன்றுதான் நாங்கள் கேட்டோம். திட்டியிருந்தால்கூட ஒட்டியிருக்கும். 'வாடா போடா' என்று பழகியவர் மரியாதை கொடுத்தவுடன் எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. மாமா "சரி" என்றார். படியிலிருந்து காலை எடுத்தார். அம்மா தட்டுகளையாவது வாங்கலாம் என்று இறங்கப் போனாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேளம் நின்றது. வந்த வரிசை வந்த வழியே திரும்பிப் போயிற்று. என் சீர்ப் பலாப்பழத்தை அன்று சாயங்காலம் கண்மாய்க்குள் கோம்பைக்காரர்கள் பிளந்து தின்றார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

கோபத்தில் அப்படி எத்தனை பேர் சொல்கிறோம். வாசலை மிதிக்காதே என்போம், பொங்கலுக்கு அவர்களே வெல்லத்தோடு வந்து நிற்பார்கள், சோறு போடுவோம். ஆனால் மாமா அம்பயர். ஒருத்தர் வாயைத் திறந்து தீர்ப்பு என்று சொன்னால் அது அவருக்குத் தீர்ப்புதான். தான் 'வாங்க' என்று சொன்னதற்காக அவுட்டான ஆளை ஆடவிட்டவர், அப்பா 'ஏறாதீக' என்று சொன்னதற்காக எங்கள் வீட்டுக்கு வராமல் போனார்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீர் கொண்டுவருவார். தெருவில் நிற்பார். அம்மா படி இறங்கிப் போய் வாங்கிக்கொள்வாள். சொம்பில் மோர் கொடுத்தால் தெருவிலேயே நின்று அண்ணாந்து குடிப்பார். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "படிக்கிறியா தாயி?" என்பார். அங்கிருந்தே நேராகப் போய் கோம்பையில் யார் வீட்டிலாவது சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் சாப்பிட்ட வீடுகள் எல்லாம் எனக்கு எதிரி வீடுகள். உங்களில் இரண்டு பேர் வீடும் அதில் உண்டு. "நேத்து மாமா எங்க வீட்ல கோழிக்குழம்பு சாப்பிட்டாரு" என்று நீங்கள் சொன்னபோது நான் ஏன் பேசாமல் எழுந்து போனேன் என்று இப்போது தெரிகிறதா?

அந்த மயில்கழுத்துச் சேலையை இரண்டு வருசம் கழித்து பஸ்ஸில் பார்த்தேன். மயிலாடும்பாறையில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி கட்டியிருந்தாள். மாமாவிடமே கேட்டேன். "ஆமா தாயி, அந்தப் புள்ளைக்கு எடுத்துக் குடுக்க ஆளில்ல. பெட்டியில கிடந்தா இத்துப் போகும்னு குடுத்துட்டேன்" என்றார். மறைக்கவும் தெரியாது அவருக்கு. அந்தப் பெண் கட்டியிருந்த அழகில் எனக்கு அவளைப் பிடித்து இறக்கிவிடலாம்போல இருந்தது.

என் கல்யாணத்தை வீட்டில் வைக்கக்கூடாது, மண்டபத்தில்தான் என்று அம்மா அடம்பிடித்தாள். மாமா மாலை போட வரவேண்டுமே. அப்பா ஒன்றும் சொல்லாமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டினார். அங்கே இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அப்பா மாமாவின் இலைக்கு அப்பளம் எடுத்து வைத்தார். பேசவில்லை.

அம்மா வெகுகாலம் கழித்து ஒன்று சொன்னாள். என் சடங்குக்கு ஜோசியர் இரண்டு நாள் குறித்துக் கொடுத்திருந்தாராம். ஒன்று அந்த ஞாயிறு. இன்னொன்று அதற்கடுத்த புதன். அப்பாதான் ஞாயிறு என்றாராம். மாமா ஆட்டத்தை விடுகிறாரா, எங்கள் வீட்டை விடுகிறாரா என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். கோப்பை கொடுத்தவர் அவர், கைத்தட்டு வாங்கியவர் மாமா. குச்சனூரில் தோளில் கை வைத்து வெளியே அனுப்பியதும் உள்ளுக்குள் கிடந்திருக்கும். இதைக் கேட்டபோது எனக்கு அப்பாமேல் கோபம் வரவில்லை. நான் யார் மகள் என்று தெரிந்தது.

கடைசிக் காலத்தில் அப்பா சாயங்காலமானால் வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மாமா பணியிலிருந்து ஓய்வு பெற்று வருசக்கணக்கான பிறகும், "ஒன் மாமன் பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்பார். நீங்களே கூப்பிட்டால் என்னப்பா என்று ஒருநாள் கேட்டேன். "கோவத்துல சொன்னத இம்புட்டு நாளு எவன்டி வச்சிக்கிருவான்? அவனா வரவேண்டியதுதான?" என்றார். இதை மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர், "வரவேண்டியதுதானன்னா, வான்னு அர்த்தமாகாதே தாயி" என்றார். ஒரு சொல். அதை அப்பா சொல்லவில்லை, அது இல்லாமல் மாமா வரவில்லை.

அப்பா இறந்த அன்று மாமா விடியற்காலையிலேயே வந்துவிட்டார். பாடை எடுக்கும்வரை தெருவில் வெயிலில் நின்றார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் அம்மாவுக்குப் போட வேண்டும். அம்மாவைக் கைத்தாங்கலாகத் தெருவுக்கு இறக்கிக் கூட்டிவந்தோம். அங்கேயே போட்டார். சொன்ன ஆளே போன பிறகும் அவர் படியில் கால் வைக்கவில்லை. அண்ணன் ஒரு கை சோறு எங்கள் வீட்டில் சாப்பிடவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அது நடக்காமலேயே அவளும் போய்விட்டாள்.

வீடு எனக்கு வந்தது. தம்பி பெங்களூரில் இருக்கிறான், அவனுக்கு வேண்டாமாம். நான் மாமாவிடம் போனேன். சின்னமனூரில் ஒரு ரூமில் இருந்தார். அவருக்குச் சோறு போட வீடுகள் முறை வைத்திருந்தன. அன்று யார் வீட்டுச் சாப்பாட்டு அடுக்கோ மூலையில் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தேன்.

"இப்ப வீடு என்னோடது மாமா. நான் கூப்புடுறேன். வாங்க."

"அது செல்லாது தாயி. தீர்ப்பு சொன்ன ஆளுதான் மாத்தணும். வேற ஆளு மாத்துனா அப்புறம் அம்பயருன்னு ஒருத்தன் எதுக்கு?"

"ஊர்ல அத்தன வீட்லயும் திங்கிறீக. என் வீட்லதான் திங்கமாட்டீக."

"அவுக யாரும் ஏறாதீகன்னு சொல்லலையே."

வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அந்த வாசற்படியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு, கிழக்குச் சுவரைக் காட்டி, இங்கே இடித்து வாசல் வை என்றேன். சமையலறைக்குப் பக்கத்தில் எதற்கு வாசல், வாஸ்து உதைக்கும் என்றான். உதைத்தால் என்னைத்தானே, நீ இடி என்றேன். நிலை வைத்து, கருங்கல்லில் புதுப் படி போட்டான். சிமெண்டு காய்ந்ததும் ஆட்டோ பிடித்து சின்னமனூர் போனேன்.

"அப்பா எந்த வாசப்படிய ஏறாதீகன்னாரு?"

"இந்த வாசப்படின்னாரு."

"அது தெக்குப் பாத்தது. இப்ப இன்னொண்ணு இருக்கு, கெழக்குப் பாத்தது. அப்பா அதைப் பாத்ததேயில்ல. அது செல்லுமா செல்லாதா? வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

மாமா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார். ஆட்டோவில் வந்து இறங்கித் தெற்கு வாசலைப் பார்த்தார். சந்து வழியாகச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்தார். புதுப் படியைக் காலால் தட்டிப் பார்த்தார். குனிந்து தடவிப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயசுக்கு இது தேவையா என்று தோன்றவேயில்லை.

"இது வேற வாசப்படிதான்" என்றார். செருப்பைக் கழற்றினார். ஏறினார்.

இலை போட்டேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, ரசம். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் குழம்பைப் பிசைந்து முதல் வாய் போட்டதை நான் பார்த்தேன். யாரும் கூட இல்லை. நானும் அவரும்தான்.

அப்போதுதான் தெற்கு வாசலில் மணி அடித்தது. போய்க் கதவைத் திறந்தேன். நீங்கள் நாலு பேர், கையில் விழா அழைப்பிதழும் பழத்தட்டும். பொன்னாடை போர்த்தும் விழாவுக்கு அழைக்கவேண்டும், ரூமில் ஆளைக் காணோம், ஆட்டோக்காரர் இங்கே என்று சொன்னார் என்றீர்கள். உங்களில் ஒருவர் என் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "எங்க மாமா இங்கன இருக்காகளா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல" என்றேன். "இங்க யாரும் வரல."

நீங்கள் போனபிறகு கதவைத் தாழ் போட்டேன். திரும்பி வந்தால் மாமா இலைமுன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது சமையலறை வரைக்கும் நன்றாகக் கேட்டிருக்கும். தங்கச்சி புருசனுக்கே சலுகை காட்டாதவர் அவர். என்ன சொல்லப் போகிறாரோ என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அப்புறம் சோற்றில் குழி பறித்து, இலையை என் பக்கம் நகர்த்தினார்.

"ரசம் ஊத்து தாயி" என்றார்.